பிளேடில் ஓடும் பட்டி தகரத்தில் நிற்காது

வண்டித் தகரத்தின் பள்ளத்தை நிரப்பும் பட்டி கெட்டியாக இருக்கிறதா? அரை மூடி தின்னர் விடு. வழுவழுவென்று ஓடும், தேய்க்கிற வேலை மிச்சம். டிங்கரிங், பெயிண்டிங் பட்டறைகளில் புதிதாகச் சேரும் பையன் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது. உடுமலைப்பேட்டையில் தொடங்கி சின்னாறு காடு தாண்டி, மறையூர் ஏறி, காந்தலூர் வரை வந்தாலும் இதை மறுத்துப் பேசுகிற மேஸ்திரியைத் தேடத்தான் வேண்டும். வண்டிக்காரர்களும் நம்பிவிட்டார்கள். பட்டி இளகலாக ஓடினால் மேஸ்திரி கைகாரர் என்று பாராட்டுகிறவர்கள்கூட உண்டு.

பாராட்ட அதில் ஒன்றுமில்லை. ஹார்டனர் சேர்க்கும் பாலியெஸ்டர் பட்டியில் ஒரு சொட்டுத் தின்னரும் சேரக் கூடாது.

எதிர்த் தரப்பின் வாதத்தை முதலில் முழுசாக வைத்துவிடுகிறேன். கெட்டியான பட்டி பிளேடுக்கு அடியில் இழுபடும், கோடு கோடாக நிற்கும், காற்றுக் குமிழியை உள்ளே பிடித்துக்கொள்ளும். இளக்கினால் ஒரே இழுப்பில் சீராகப் பரவும். ஓரம் மெலிந்து பழைய பெயிண்ட்டோடு இழையும். எண்பது நம்பர் உப்புத்தாளில் கட்டை பிடித்து அரை நாள் தேய்க்க வேண்டியது ஒரு மணி நேரத்தில் முடியும். பாதி தீர்ந்து இறுகிப்போன டப்பாவையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. காந்தலூர் மாதிரி ஏறத்தாழ 5,000 அடி உயரத்து ஊரில் மார்கழி, தைக் காலையில் டப்பாவுக்குள் கரண்டியே இறங்காது. போதாததற்கு, முப்பது வருடமாக இப்படித்தான் செய்கிறோம், எந்த வண்டி திரும்பி வந்தது என்ற கேள்வி வேறு.

இவற்றில் பாதி உண்மை. இளக்கிய பட்டி நன்றாகத்தான் ஓடும், அதை யாரும் மறுக்கவில்லை. ஓடிய பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வழக்கே.

1. பட்டி காய்வதாக நினைப்பதுதான் முதல் கோளாறு. பாலியெஸ்டர் பட்டி காய்வதில்லை, இறுகுகிறது. டப்பாவில் இருப்பது பாலியெஸ்டர் பிசின், அதை இளக்கி வைத்திருக்கும் ஸ்டைரீன் என்ற திரவம், பெரும்பங்கு மாக்கல் பொடி. சின்ன டியூபில் சிவப்பாகவோ நீலமாகவோ வருகிற ஹார்டனர், பென்சாயில் பெராக்சைடு. நூறு கிராம் பட்டிக்கு இரண்டு கிராம் என்பது வழக்கமான அளவு. இரண்டும் கலந்ததும் வேதிவினை தொடங்குகிறது, சூடு கிளம்புகிறது. சாதாரண வெயில் நாளில் நாலைந்து நிமிடத்தில் கூழாக இருந்தது ரப்பராகி, அப்புறம் கல்லாகிறது. இதில் ஸ்டைரீன் பெரும்பாலும் ஆவியாகிப் போவதில்லை. பிசினோடு பிணைந்து அதுவும் கல்லின் பாகமாகிறது. அதாவது பட்டியை இளக்கி வைக்கும் திரவத்தைத் தயாரிப்பாளரே உள்ளே வைத்துத்தான் அனுப்புகிறார். அந்தத் திரவம் வினையில் பங்கெடுக்கும். தின்னர் எடுக்காது. டொலுயீன், அசிட்டோன், பியூட்டைல் அசிடேட் என்று என்ன கலவையாக இருந்தாலும், தின்னருக்கு இந்த வினையில் சேர வழியில்லை.

அப்படியானால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? மேஸ்திரிகள் முட்டாள்கள் என்று முடிவு கட்டுகிறவர்களோடும் எனக்கு ஒட்டாது. பழக்கம் பிறந்த இடம் நியாயமான இடம். 1920களில் டூபாண்ட் நிறுவனம் டூக்கோ என்ற பெயரில் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயர் நம் ஊர்ப் பட்டறைப் பலகைகளில் 'டூக்கோ பெயிண்டிங்' என்று வெகுகாலம் நின்றது. அம்பாசடர், பியட் காலத்தில் பட்டி என்றாலே பெரும்பாலும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டிதான். அதில் ஹார்டனர் கிடையாது. தின்னர் ஆவியானால் காயும், தின்னர் விட்டால் மறுபடி இளகும். மெல்லிசாக ஒரு கோட், காயவிட்டு இன்னொரு கோட் என்று நாள் கணக்கில் இழுத்த வேலை அது. அங்கே தின்னர் விடுவது தவறே இல்லை, அந்தப் பட்டியின் முறையே அதுதான். பிறகு பாலியெஸ்டர் பட்டி வந்தது. டப்பா அதே மாதிரி, பெயர் அதே பட்டி, தடவும் பிளேடும் அதே பிளேடு. உள்ளே இருந்த சங்கதி மட்டும் முழுக்க மாறியது. கை பழைய கையாகவே இருந்துவிட்டது.

குழப்பம் தீர ஓர் எளிய வழி உண்டு. டப்பாவோடு ஹார்டனர் டியூப் வந்தால் அதில் தின்னருக்கு வேலை இல்லை.

2. விட்ட தின்னர் எங்கே போகிறது? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும். டொலுயீன் 110, பியூட்டைல் அசிடேட் 126. அசிட்டோனில் கொஞ்சம் தடவும்போதே பறந்துவிடலாம். மற்றவை கிளம்ப நேரம் வேண்டும். பட்டியோ நாலைந்து நிமிடத்தில் இறுகத் தொடங்கிவிடுகிறது. ஆக, தின்னரில் நல்ல பங்கு உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. மாட்டிக்கொண்டது அங்கேயே இருந்துவிடாது. நாள் கணக்கில், வாரக் கணக்கில் மெல்ல வெளியேறும். வெளியேறும் வழியெல்லாம் ஊசித்துளை. வெளியேறிய அளவுக்குப் பட்டி உள்வாங்கும்.

கணக்குப் போட்டே பார்ப்போம். நூறு மில்லி பட்டியில் பத்து மில்லி தின்னர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் தடவுகிறார்கள். அந்தப் பத்து மில்லியில் பாதி தடவும்போதே பறந்தது, மீதிப் பாதிதான் பின்னால் போகிறது என்று தாராளமாகவே விட்டுக்கொடுத்தாலும், பட்டி ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் உள்ளே இறங்கும். இது ஒரு அளவா என்று தோன்றும். வண்டியின் மேல் அடிக்கிற பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்த்த மொத்தக் கனமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். பெயிண்ட்டின் முழுக் கனத்துக்குச் சமமான பள்ளத்தைப் பெயிண்ட் எப்படி மறைக்கும்? சாய்ந்த வெயிலில் மட்கார்டைப் பக்கவாட்டில் பார்த்தால், பட்டி போட்ட இடத்தின் எல்லை வரைபடம் போட்டது மாதிரி தெரிகிற ரகசியம் இதுதான்.

வீடு கட்டும்போது கான்கிரீட் கலவையில் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக விட்டால் கொத்தனாரோடு சண்டைக்குப் போகிறோம். தண்ணீர் கூடினால் தளம் வெடிக்கும், ஓதம் இறங்கும் என்று படிக்காதவருக்கும் தெரியும். கலவை நன்றாக ஓடுகிறதே என்று அங்கே யாரும் பாராட்டுவதில்லை. அதே ஆள் பட்டறையில் நின்றுகொண்டு, பட்டி என்னமா ஓடுகிறது என்று வியக்கிறார்.

3. ஒரு தவறு தனியாக வருவதில்லை. தின்னர் விட்ட பட்டி மெதுவாக இறுகும். கலவையில் பிசினும் பெராக்சைடும் நீர்த்துப்போனதும் காரணம், தின்னர் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்வதும் காரணம். பொறுமையிழந்த மேஸ்திரி அடுத்த உருண்டையில் ஹார்டனரைக் கூட்டுகிறார். இரண்டு கிராம் போக வேண்டிய இடத்தில் நாலு, ஐந்து. இப்போது வேகமாக இறுகுகிறது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பு. வினையில் பங்கெடுக்காத பெராக்சைடு மிச்சமாகப் பட்டியிலேயே கிடக்கும். மேலே பெயிண்ட் அடித்ததும் அதன் கரைப்பான்களில் கரைந்து மேலேறி வரும். வெள்ளைச் சுற்றுலா வண்டியில் நன்றாகவே காட்டிக்கொடுக்கும்: கதவின் நடுவில் வெளிர் மஞ்சளாக, சில நேரம் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு. பெயிண்ட் கம்பெனியைத் திட்டிவிட்டு மேலே இன்னொரு கோட் அடிப்பார்கள். கறை அதையும் தாண்டி வரும். அடியிலிருக்கிற பட்டியைச் சுரண்டி எடுக்காமல் அது போகாது. தின்னர் விட்டு மிச்சம்பிடித்த சில மணி நேரத்துக்கு விலையாகக் கதவு முழுவதும் மறுபடி முதலிலிருந்து.

4. 'எங்கள் ஊர்க் குளிர் உங்களுக்குத் தெரியாது' என்பார்கள். தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன். அஞ்சுநாட்டுக்காரர்களின் வாதங்களில் எனக்கு மதிப்பு உள்ள வாதம் இது ஒன்றுதான், ஆகவே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி, மறையூர் என்ற ஐந்து ஊர் சேர்ந்த இந்த அஞ்சுநாட்டு வட்டாரத்தில் ஜீப் என்பது சொகுசு அல்ல. பூண்டும் கேரட்டும் உருளையும் தோட்டத்திலிருந்து இறங்குவது அதில். 2023இல் மத்திய சுற்றுலா அமைச்சகம் காந்தலூருக்குச் சிறந்த சுற்றுலா கிராமத்துக்கான தங்க விருது கொடுத்தது. வருகிறவர்களை அருவிக்கும் பழத்தோட்டத்துக்கும் ஏற்றிப்போவதும் ஜீப்தான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்ற பாதையில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவது பாறைப் பக்கம். மட்கார்டும் கதவும் அடிபடாத ஜீப்பைக் காட்டுவது கடினம். பட்டி வேலைக்குப் பஞ்சமில்லை, குளிர்க் காலையில் அந்த வேலையைச் செய்ய வேண்டிய கட்டாயமும் உண்மை.

ஆனால் குளிர், தின்னருக்கு எதிரான வாதமே தவிர ஆதரவான வாதம் அல்ல. 10 டிகிரியை ஒட்டிக் குளிர் இறங்கினால் பாலியெஸ்டர் பட்டி நன்றாக இறுகுவதே சிரமம். ஏற்கெனவே மந்தமான வினையைத் தின்னர் விட்டு மேலும் மந்தமாக்குவது எந்த ஊர் நியாயம்? குளிரில் பிசின் தடித்துப்போகிறது, அவ்வளவுதான். டப்பாவை வெயிலில் வையுங்கள். வெயில் இல்லையா, மூடியை இறுக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் நிறுத்துங்கள். அடுப்பில், நெருப்பில் காட்டக் கூடாது, ஸ்டைரீன் தீப்பிடிக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கரண்டி தானாக இறங்கும். தின்னர் செய்த வேலையை வெதுவெதுப்பு செய்துவிடும், பின்விளைவு இல்லாமல்.

டப்பாவைவிட வண்டியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். பனி இறங்கிய காலையில் தகரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், தடம் தெரியும். அந்த ஈரத்தின் மேல் எவ்வளவு நல்ல பட்டி போட்டாலும் பிடிப்பு இருக்காது. வெயில் ஏறித் தகரம் உலர்ந்து கைக்கு இதமான சூட்டுக்கு வந்த பிறகு பிளேடை எடுங்கள். பட்டறைக்காரருக்கு இது ஒரு காலை நேர நஷ்டம்தான், மறுக்கவில்லை. அந்த நேரத்தில் பெயிண்ட்டைச் சுரண்டலாம், தகரத்தை எண்பது நம்பரில் கீறி வைக்கலாம். வேலைக்கா குறை?

5. டப்பா இறுகிப்போனது யாரால்? இதையும் கேட்க வேண்டும். பட்டி டப்பாவைத் திறந்ததும் மேலே பளபளவென்று பிசின் மிதக்கும், மாக்கல் பொடி கனமாக அடியில் தங்கியிருக்கும். அடி வரை கிளறிவிட்டு எடுக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் கிளறுவதில்லை. மேலாக இருப்பதை அள்ளி அள்ளி எடுக்கிறார்கள். முதல் பாதிப் பட்டி பிசின் மிகுந்து வழவழப்பாக இருக்கும், தேய்த்தால் உப்புத்தாளில் பிசுபிசுவென்று ஒட்டும். அடிப் பாதி வறண்ட மாவு மாதிரி. அந்த அடிப் பாதிக்குத்தான் தின்னர். மூடியைத் திறந்தே போட்டுவிட்டு டீ குடிக்கப் போவதால் ஸ்டைரீன் பறந்து இறுகுவது இன்னொரு பக்கம். தின்னர் அந்த ஸ்டைரீனைத் திருப்பிக் கொடுக்காது. உண்மையிலேயே முற்றிப்போன டப்பாவுக்குக் குப்பைதான் இடம்.

6. முப்பது வருட அனுபவம் என்பார்கள். அனுபவம் என்றால் செய்தது மட்டும் போதாது, விளைவைப் பார்த்திருக்கவும் வேண்டும். பட்டறையில் வண்டி நிற்பது சில நாள். பட்டி உள்வாங்குவது பல வாரம். பளபளப்போடு வண்டியை ஒப்படைக்கிற மேஸ்திரி, மூன்று மாதம் கழித்து அந்தக் கதவை வெயிலில் நிறுத்திப் பார்ப்பதில்லை. வண்டிக்காரரும் கரடுமுரடான பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனதால் பட்டி வெடித்தது, மழையால் உப்பியது, தகரமே சரியில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். கோபித்துக்கொண்டவர் அடுத்த முறை வேறு பட்டறைக்குப் போகிறார். எந்த வண்டி திரும்பி வந்தது என்று மேஸ்திரி கேட்பது இதனால்தான். திரும்பி வராதது வேலை நன்றாக இருந்ததற்குச் சாட்சி ஆகாது.

குலுங்கும் பாதையில் ஓடும் வண்டிக்குத்தான் துளை விழுந்த, பிடிப்பில்லாத பட்டி முதலில் கழன்று விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலை ஜீப்புக்குச் சமவெளிக் காரைவிட நல்ல பட்டி வேலை வேண்டும்.

7. இனி எதிர்த் தரப்பின் கடைசி ஆயுதம். 'வெளிநாட்டில் பட்டியை இளக்கவென்றே திரவம் விற்கிறார்களே?' விற்கிறார்கள். எவர்கோட் நிறுவனத்தின் 'பிளாஸ்டிக் ஹனி' அப்படியொன்று. அது தின்னர் அல்ல. பட்டியோடு சேர்ந்து இறுகும் பிசின் வகைத் திரவம், வினையில் அதுவும் பங்கெடுக்கும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள் விட்டால் கெடுதல் இல்லை. ஆக இந்த உதாரணம் எங்கள் பக்கத்துச் சாட்சி. தின்னர் போதுமென்றால் தனியாக ஒரு திரவத்தைத் தயாரித்து எதற்கு விற்க வேண்டும்?

இதைக் கேட்டுவிட்டு ஃபைபர் வேலைக்கான ரெசினை வாங்கி ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தின்னரைவிடத் தேவலை என்பதற்கு மேல் அதற்கு நற்சான்று தர முடியாது. அதற்கு ஹார்டனர் வேறு, முடுக்கி வேறு. கலந்த பட்டியின் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும், உப்புத்தாளை அடைத்துக்கொள்ளும்.

8. வழவழப்பு வேண்டுமா? வேண்டும்தான். ஆனால் அடிப் பட்டியிடம் அதைக் கேட்பது தப்பு. அடிப் பட்டியின் வேலை பள்ளத்தை நிரப்புவது. அதைக் கெட்டியாகவே போட்டு, எண்பதில் தொடங்கிக் கட்டை பிடித்துச் சமன் செய்ய வேண்டும். கைவிரலால் தேய்த்தால் விரல் போகிற போக்கில் அலை விழும். அதன் மேல் நுண்ணிய ஃபினிஷிங் பட்டி ஒரு மெல்லிய கோட். அது டப்பாவிலேயே இளகலாக, ஓடுகிற பதத்தில் வரும், அதற்கும் ஹார்டனர் உண்டு. பிறகு 180, 240, 320 என்று தாளை இறக்கிக்கொண்டு போனால் போதும். பரப்பு பெரிதென்றால் கன்னில் அடிக்கிற பாலியெஸ்டர் ஸ்பிரே பட்டி இருக்கிறது. கடைசியில் மிஞ்சும் சில்லறைக் கீறலை ஹார்டனர் சேர்த்த பிரைமர் சர்ஃபேசர் மூடிவிடும். இத்தனை வழி இருக்கும்போது தின்னர் பாட்டிலைத் தேடுவது சோம்பல் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

இங்கே இன்னொரு கெட்ட பழக்கத்தையும் போகிற போக்கில் குட்டிவிடுகிறேன். பாலியெஸ்டர் பட்டியை வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்க்கக் கூடாது. பட்டி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், துரு அடியிலிருந்து கிளம்பும். தூசி பறக்கிறதே என்றால் முகமூடி போடுங்கள்.

9. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு உண்மை இருக்கிறது, பெயிண்டர் வெளியே சொல்ல மாட்டார். பட்டியை இளக்கும் தேவை பெரும்பாலும் டிங்கரிடமிருந்து வருகிறது. நெளிவைத் தட்டி, இழுத்து, தகரத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தால் பட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்படாது. அந்த அளவில் கெட்டியான பட்டியைத் தடவுவது யாருக்கும் பெரிய பாடு அல்ல. தட்டாமல் விட்ட பள்ளத்தைப் பட்டியால் நிரப்பச் சொன்னால் பத்து மில்லிமீட்டர் போட வேண்டியிருக்கிறது. அவ்வளவு பட்டியை அள்ளி அப்பி, இழுத்து, தேய்க்க முடியாமல்தான் பெயிண்டர் தின்னரை நாடுகிறார். கனமான பட்டியில் மாட்டிய தின்னர் வெளியேற இன்னும் நாளாகும், உள்வாங்கலும் இன்னும் கூடும். டிங்கர் கூலியில் மிச்சம்பிடித்ததைப் பெயிண்டரின் பேர் சுமக்கிறது.

மலிவாக முடித்துக் கொடுங்கள் என்று கேட்கிற வண்டிக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. அவர் கேட்டதுதான் கிடைக்கிறது. பழைய ஜீப் வாங்குகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவிலும் மட்கார்டிலும் நகர்த்திப் பார்க்கிறார்கள். ஒட்டாத இடத்தில் விலை இறங்கும். தின்னர் விட்டு விற்ற வழவழப்பை அந்தச் சந்தையில் யாரும் வாங்குவதில்லை.

ஆகவே வண்டிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஜீப்பைப் பெயிண்ட் வேலைக்கு விடும்போது, தட்டுகிற வேலை முடிந்து பட்டி போடும் முன் தகரத்தை வெறுமையாகக் காட்டச் சொல்லுங்கள். பட்டி கலக்கும் நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள். சிவப்புக் கோடுகள் மறைந்து ஒரே நிறமாகும் வரை ஹார்டனரைப் பிசைகிறார்களா என்று பாருங்கள். பலகையில் தின்னர் விழுந்தால் அந்த உருண்டையைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டு, வீணான பட்டிக்கு நீங்களே காசு கொடுங்கள்.